இரவில் ஓடும் ஓவர்கிளாக் மதியத்தில் ஏன் விழுகிறது?

சிங்கப்பூரில் சொந்தமாகக் கணினி கட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் ஏர்கானைப் போட்டுக்கொண்டு, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பிராசசரின் வேகத்தைத் தயாரிப்பாளர் வைத்த அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள். இதுதான் ஓவர்கிளாக். சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. மறுநாள் மதியம் அதே கணினியில் ஒரு வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தால் திரை நீலமாகிறது. இல்லாவிட்டால் ஒன்றுமே சொல்லாமல் கணினி அணைந்து மறுபடி தொடங்குகிறது. சந்தேகம் முதலில் விண்டோஸ் மேல் போகும், அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டு மேல், கடைசியில் சிம் லிம் ஸ்குவேரில் பொருளை விற்ற கடைக்காரர் மேல். அறையைச் சந்தேகப்படுபவர்கள் குறைவு.

இந்த ஊரில் அறையின் வெப்பத்தையும் பயாஸில் நாம் போடும் எண்களில் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏன் அப்படி என்பது புரிய, ஓவர்கிளாக் செய்யும்போது பிராசசருக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே கிடைப்பது 0.2 நானோ வினாடி. ஒளிகூட அந்த நேரத்தில் 6 சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் ஒரு சமிக்ஞை, வரிசையாக நிற்கும் பல டிரான்சிஸ்டர்களைத் தாண்டி, முடிவைச் சேமிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். சிப்புக்குள் இப்படிப் பல லட்சம் பாதைகள் இருக்கின்றன. அவற்றில் எது மிக மெதுவானதோ அதுதான் மொத்த சிப்பின் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறது. சமிக்ஞை தாமதமாக வந்தால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகும். அவ்வளவுதான் விஷயம். அந்தத் தவறான எண் எங்கே போய் விழுகிறது என்பதைப் பொறுத்து நீலத்திரை வரலாம், கேம் மூடிக்கொள்ளலாம், வெளியே எதுவுமே தெரியாமலும் போகலாம்.

தயாரிப்பாளர்கள் இது தெரிந்து கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வேகத்தை நிர்ணயிக்கிறார்கள். சூடான அறை, சுமாரான கூலர், சில ஆண்டுகள் ஓடித் தேய்ந்த சிப் என எல்லாவற்றுக்குமான இடைவெளி அது. ஓவர்கிளாக் என்பது அதைச் சாப்பிடுவது. ஒரு காலத்தில் அந்த இடைவெளி தாராளமாக இருந்தது. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசசரை, பஸ் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடம்) வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றியே 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்குக் கொண்டுபோனார்கள், ஐம்பது சதவீத ஏற்றம். இன்றைய ஏஎம்டி ரைசன், இன்டெல் கோர் பிராசசர்கள் சூட்டையும் மின்சாரத்தையும் தாமே அளந்து, முடிந்தவரை தாமே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. இடைவெளியில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையே எடுத்துக்கொண்டுவிட்டது. நமக்கு மிச்சம் கிடைப்பது சில நூறு மெகாஹெர்ட்ஸ். அதனால்தான் இப்போதைய ஓவர்கிளாக்குகள் இவ்வளவு முரண்டு பிடிக்கின்றன.

வேகத்தை ஏற்றியதும் கணினி விழுகிறது என்றால் எல்லோரும் முதலில் செய்வது வோல்டேஜைக் கூட்டுவது. டிரான்சிஸ்டர்கள் சீக்கிரம் மாறும், தாமதமான சமிக்ஞை நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் இதற்கு விலை அதிகம். பிராசசர் இழுக்கும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் கூடும். 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் இருந்ததை 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு ஏற்றினால் வேகம் ஒன்பது சதவீதம்கூடக் கூடவில்லை, மின்திறனோ ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடுகிறது. அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். வெப்பம் ஏறினால் சிப்புக்குள் கசியும் மின்னோட்டமும் ஏறும், அது இன்னும் சூட்டைக் கூட்டும். சூட்டில் டிரான்சிஸ்டரும் கம்பியும் மெதுவாகும், அதைச் சரிசெய்ய இன்னும் வோல்டேஜ் வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள்தான் “எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தாலும் நிற்க மாட்டேன் என்கிறது” என்று சொல்பவர்கள்.

அறை இங்கேதான் உள்ளே வருகிறது. காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, எதுவானாலும் அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் பிராசசரை வைத்திருக்க முடியும். அறை 7 டிகிரி சூடானால் பிராசசரும் குறைந்தது 7 டிகிரி சூடாகும். சிங்கப்பூரில் பகல் உச்ச வெப்பநிலை வழக்கமாக 31, 32 டிகிரி. ஏர்கானை 24, 25இல் வைத்துச் சோதித்தபோது 84 டிகிரி காட்டிய பிராசசர் மதியம் 91ஐத் தொடும். பல இன்டெல் பிராசசர்களுக்கு 100 டிகிரி, பல ரைசன்களுக்கு 90 அல்லது 95 டிகிரி எல்லை என்பதால் இது சாதாரண வித்தியாசம் இல்லை. அந்த எல்லையைத் தொடுவதற்கு முன்பே, இரவில் போதுமானதாக இருந்த வோல்டேஜ் மதியச் சூட்டில் போதாமல் போய்விடும். காணொளிகளில் பார்க்கும் ஓவர்கிளாக் எண்கள் பலவும் 20, 22 டிகிரி அறைகளில் எடுத்தவை. அவற்றை அப்படியே ஈசூனில் மேற்கு வெயில் விழும் வீவக அடுக்குமாடி வீட்டு அறைக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது.

வீடு புதுப்பிக்கும்போது தச்சரிடம் சொல்லிச் செய்யும் படிப்பு மேசைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணினிப் பெட்டிக்கென்று அளவாக ஒரு அறை, அழகாக ஒரு கதவு, பின்னால் வயர் போக மட்டும் ஒரு ஓட்டை. அதற்குள் வைத்த கணினி, தான் வெளியேற்றிய காற்றையே திரும்ப இழுக்கிறது. வீட்டு அறையின் வெப்பநிலை 30 என்றால் அந்த மேசைக்குள் 40கூட இருக்கலாம். கதவைத் திறந்து வைத்தாலே பாதி ஓவர்கிளாக் பிரச்சினைகள் தீர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, விழுகிற கணினியை எங்கிருந்து பிடிப்பது?

பயாஸில் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. எல்லாவற்றையும் என்றால், ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகள் உட்பட. பலர் பிராசசரை மட்டும் இறக்கிவிட்டு ரேமின் எக்ஸ்எம்பியை விட்டுவைக்கிறார்கள், பெட்டியிலேயே 3600 என்று போட்டிருக்கிறதே என்று. அதுவும் ஓவர்கிளாக்தான். ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது டிடிஆர்4 3200 வரை. அதற்கு மேல் போகும்போது உழைப்பது ரேம் குச்சி மட்டுமல்ல, பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியும் சேர்ந்துதான். இரண்டு குச்சிகளுக்கு ஒத்துவந்த வேகம் நான்கு குச்சிகளுக்கு ஒத்துவராமல் போவதும் இதனால்தான். பிராசசரில் தவறே இல்லாமல், ரேமில் வரும் பிழையைப் பிராசசர் மேல் போட்டு வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனவர்கள் நிறையப் பேர்.

ஆகவே இயல்பு நிலையில் ஒரு நாள் ஓட விடுங்கள். அதிலேயே விழுந்தால் அது ஓவர்கிளாக் பிரச்சினையே இல்லை. விழாவிட்டால் ரேமை மட்டும் எக்ஸ்எம்பிக்கு ஏற்றி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியிலிருந்து தொடங்கி இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், “ஒண்ணுதானே” என்று விட முடியாது. ரேம் தேறிய பிறகு பிராசசருக்கு வரலாம். ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் யாரும் செய்வதில்லை. மூன்றை மாற்றி நின்றுவிட்டால் எது காப்பாற்றியது என்று தெரியாது, மூன்றை மாற்றி விழுந்தால் எது கெடுத்தது என்று தெரியாது.

கணினி எப்படி விழுகிறது என்பதே பாதித் துப்பு. முழுச் சுமையில் சில நிமிடங்களில் விழுந்தால், அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை அல்லது சூடு தாங்கவில்லை. நீலத்திரையே வராமல் சட்டென்று மின்சாரம் போனதுபோல் அணைந்தால் பவர் சப்ளையின் பாதுகாப்பு வெட்டியிருக்கலாம், அதிசூட்டுப் பாதுகாப்பு வேலை செய்திருக்கலாம், மதர்போர்டின் மேல் மூலையில் பிராசசருக்குச் செருகும் எட்டு முனை வயர் முழுக்க உட்காராமலும் இருக்கலாம். கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் என்ற நீலத்திரை வந்தால், பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்களில் ஏதோ ஒன்று பதில் சொல்லாமல் உறைந்திருக்கிறது, பெரும்பாலும் வோல்டேஜ் குறை. மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் மறுபடி ரேம் பக்கம் திரும்ப வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பேசும் சாட்சி, நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இருக்கிறது. அதில் டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் வரும் வன்பொருள் பிழைப் பதிவுகளைத் தேடுங்கள். கெர்னல் பவர் 41 என்ற பதிவைப் பார்த்துப் பலர் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். அந்த 41, கணினி ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. டபிள்யூஎச்இஏ பதிவு காரணத்தைச் சொல்லும். எண் 19 என்றால் பிழை வந்தது, வன்பொருளே திருத்திக்கொண்டது. எண் 18 என்றால் திருத்த முடியாத பிழை.

அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்டு, காற்றுக் கூலர் வைத்து அவனே கட்டிய கணினி. முதலில் எல்லாக் கோர்களையும் 4.7 கிகாஹெர்ட்ஸில் பூட்டி வைத்திருந்தான், மதியத்தில் விழுந்தது. அதை விட்டுவிட்டு, ரைசனின் ஓவர்கிளாக் வசதியான பிபிஓவில், கோருக்குக் கோர் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசருக்குப் போய் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டுவிட்டான். அந்த வசதியில் ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட்டைக் குறைக்கும். சூடு நன்றாக இறங்கியது, சினிபெஞ்ச் வேகச் சோதனையில் மதிப்பெண்ணும் ஏறியது. ஆனால் சும்மா பாடக் குறிப்பு படித்துக்கொண்டிருக்கும்போது கணினி தானாக அணைந்து மறுபடி தொடங்கியது.

“மாமா, ராத்திரி பூரா பிரைம்95 ஓட்டினேன், ஒண்ணும் ஆகலை. படிக்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது” என்றான்.

முரண்பாடு போலத் தெரியும் இந்த விஷயத்துக்குள்தான் இன்றைய பிராசசர்களின் இயல்பு இருக்கிறது. எல்லாக் கோர்களும் உழைக்கும்போது 5600எக்ஸ் தன் மின்திறன் எல்லையான 76 வாட்டை முட்டி, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அங்கே இடைவெளி தாராளம். ஒரு பிரவுசர் பக்கத்தைத் திறக்கும்போதோ, ஒரே ஒரு கோர் கண் இமைக்கும் நேரத்துக்கு உச்ச வேகமான 4.6ஐத் தொடுகிறது. அந்த உச்சத்துக்குத்தான் உச்ச வோல்டேஜ் வேண்டும், மைனஸ் 30 அதைத்தான் பிடுங்கிக்கொண்டது. பிரைம்95 போன்ற முழுச் சுமைச் சோதனை அந்த இடத்துக்குப் போகவே போகாது.

ஈவென்ட் வியூவரைத் திறந்தோம். டபிள்யூஎச்இஏ 18, பிழை வகை கேஷ் ஹயரார்க்கி, பிராசசர் ஏபிஐசி அடையாள எண் 4. இன்னொரு நாளின் பதிவில் 5. இந்த அடையாள எண் ஒவ்வொரு திரெட்டுக்கும், அதாவது கோர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசைக்கும், ஒன்று. ஒரு கோருக்கு இரண்டு திரெட் என்பதால் 0, 1 முதல் கோர், 2, 3 இரண்டாவது, 4, 5 மூன்றாவது. ஆறு கோர்களில் தகராறு செய்தது அந்த ஒன்று மட்டுமே. பயாஸில் கோர்களின் எண் 0இலிருந்து தொடங்குவதால் அங்கே அதன் பெயர் கோர் 2. அதை மட்டும் மைனஸ் 12க்குக் கொண்டுவந்து, மற்றவற்றை மைனஸ் 20க்கு ஏற்றி, கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியை ஓட்டச் சொன்னேன். அது ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உழைக்க வைத்து, சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் சோதிக்கும். தொழிற்சாலையில் நல்ல கோர் என்று முத்திரை குத்தப்பட்டவைதான் பெரும்பாலும் குறைவான வோல்டேஜ் குறைப்பைத் தாங்கும். அவற்றுக்கு ஏற்கெனவே குறைந்த வோல்டேஜையே ஒதுக்கியிருப்பார்கள், மேலும் குறைக்க இடமில்லை. எல்லாக் கோருக்கும் ஒரே எண்ணைப் போடுவது வசதிதான், ஆனால் சிப்புக்கு அது தெரியாது.

பழைய முறையில் வேகத்தையும் வோல்டேஜையும் பூட்டி வைப்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது, சுமையில் வோல்டேஜ் எவ்வளவு சரியலாம் என்பதை மாற்றும் லோட் லைன் கேலிபரேஷன். பயாஸில் 1.35 என்று போட்டாலும் சுமை ஏறியதும் பிராசசருக்கு வருவது 1.28 ஆகலாம். இந்தச் சரிவு வடிவமைப்பிலேயே இருப்பது. சுமை திடீரென்று நீங்கும்போது வோல்டேஜ் மேலே துள்ளும், அந்தத் துள்ளல் ஆபத்தான உயரத்துக்குப் போகாமலிருக்கத்தான் சரிவை வைத்திருக்கிறார்கள். சரிவைப் பார்த்துப் பதறி, லோட் லைனை உச்சத்தில் வைத்தால் மென்பொருள் காட்டும் வோல்டேஜ் நேர்கோடாக நிற்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் மைக்ரோ வினாடிகளில் வந்து போகும் துள்ளலை எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவிகள் பிடிப்பதில்லை. நடுவில் உள்ள ஒரு நிலையில் நிறுத்தி, சுமையில் எவ்வளவு வருகிறது என்பதைப் பார்த்து அடிப்படை எண்ணைச் சரிசெய்வதே நல்லது.

கூலரில் தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், ஓடாத பம்ப் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

குளிரூட்டலில் இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பெல்டியர் (மின்சாரத்தால் குளிரும் தகடு), குளிர்ந்த நீர் என்று அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்கும் ஆசை சிலருக்கு வரும். சிங்கப்பூர்க் காற்றின் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி மங்குவது அதனால்தான். அதே ஈரம் மதர்போர்டு மேலும் படியும். உலர்ந்த குளிர் நாடுகளில் செய்து காட்டும் வித்தைகளை முறையான ஈரத் தடுப்பு இல்லாமல் இங்கே செய்யக் கூடாது.

சோதனைக்கு வருவோம். பிரைம்95 மெர்சென் பகா எண்களைத் தேட எழுதப்பட்ட மென்பொருள். அதன் சித்திரவதைச் சோதனையில் விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, பிராசசர் சொல்லும் விடையோடு ஒப்பிடுகிறது. கணினி விழாமலேயே “ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4க்குக் கீழ்” என்று ஒரு திரெட் நின்றுவிட்டால், அது கையும் களவுமாகப் பிடிபட்ட தவறு. அதில் சிறிய எஃப்எஃப்டி என்ற தேர்வு பிராசசரையும் அதற்குள் இருக்கும் சிறு நினைவகமான கேஷையும் வறுத்தெடுக்கும், பெரிய எஃப்எஃப்டி ரேமையும் சேர்த்துக்கொள்ளும். இதோடு ஓசிசிடி என்ற சோதனைக் கருவி, நீங்கள் உண்மையில் அன்றாடம் செய்யும் வேலை, இரண்டும் வேண்டும். நேரம்தான் முக்கியம். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை, ஏர்கானை அணைத்து, வழக்கமாக மூடியிருக்கும் கதவை மூடி ஓட்டுங்கள். அதில் தேறினால் இரவில் தேறும். இரவில் தேறியது மதியத்தில் தேறும் என்று சொல்ல முடியாது. சூட்டைத் தாங்காவிட்டால் 100 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுத்து வோல்டேஜை இறக்குவதே என் தேர்வு. அந்த நூறை அன்றாட வேலையில் யாராலும் உணர முடியாது.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நீலத்திரை இல்லை. நீலத்திரை நேர்மையானது, தவறு நடந்தது என்று சொல்லிவிட்டு நிற்கிறது. எனக்குப் பயம் அமைதியான பிழைகளைப் பார்த்துத்தான். ஜிப் கோப்பை விரிக்கும்போது எங்கோ ஒரு பிட் மாறும். குழந்தையின் பிறந்தநாள் படத்தைச் சேமிக்கும்போது பாதி சாம்பல் நிறமாகும், அது தெரிய வருவது ஒரு வருடம் கழித்து. விண்டோஸ் புதுப்பிப்பு பாதியில் விழுந்து கணினியின் கோப்புகள் கெடும், அப்புறம் வேகத்தை இறக்கினாலும் பிழைகள் தொடரும். அதனால்தான் ஓவர்கிளாக்கை இறக்கியும் கோளாறு நிற்காத கணினியில் விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறோம். சோதனைக் காலம் முடியும் வரை முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு வட்டில் ஒரு நகல் இருக்கட்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓவர்கிளாக் மாதங்கள் கழித்து விழத் தொடங்கினால்? தூசியோ கூலரோ காரணம் இல்லையென்றால், சிப் தேய்ந்திருக்கலாம். அதிக வோல்டேஜும் சூடும் சேரும்போது தேய்மானம் வேகமாகும். இதற்கு ஓவர்கிளாக்கே தேவையில்லை என்பதை 2024இல் உலகமே பார்த்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் இயல்பு நிலையிலேயே கேம்களில் விழுந்தன. அன்ரியல் என்ஜின் கேம்கள் வீடியோ மெமரி போதவில்லை என்று பொய்க் காரணம் காட்டின, பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதும், அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் கோருக்குள் கிளாக்கைப் பகிரும் சுற்று மூப்படைந்ததும் காரணம் என்று இன்டெல் பின்னர் விளக்கியது. ஆகஸ்ட் 2024இல் பயாஸ் வழியாக வந்த மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது. அந்தத் தலைமுறைப் பிராசசர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடும் முன் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்.

இயல்பு நிலையிலும் விழுகிற சிப்பை வைத்துக்கொண்டு வோல்டேஜோடு மல்லுக்கட்டுவதில் பலனில்லை, கடைக்குக் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூரில் செப்டம்பர் 2012 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டத்தின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்பவர் பொறுப்பு. பேச்சில் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஆனால் ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தைத் தயாரிப்பாளரின் உத்தரவாதம் ஏற்காது. எனவே போகும் முன் எக்ஸ்எம்பியையும் அணைத்து, இயல்பு நிலையில் ஓடவிட்டு, அந்த நாளுக்குரிய டபிள்யூஎச்இஏ பதிவுகளைத் தேதியோடு சேமித்து எடுத்துக்கொண்டு போங்கள். பிராசசரோடு ரசீதும் பெட்டியும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.